பெர்க்லியின் 20,000 விரிவுரைகள் ஏன் மறைந்தன? இலவசப் பாடங்களும் கேப்ஷன் சட்டமும்

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், 2017 மார்ச் 15 முதல் தன் விரிவுரைப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கத் தொடங்கியது. காணொளியும் ஒலிப்பதிவுமாக எண்ணிக்கை 20,000க்கு மேல். வகுப்பறையில் நடந்த பாடத்தை அப்படியே பதிவுசெய்து, உலகில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம் என்று பல ஆண்டுகளாகத் திறந்துவைத்திருந்த சேமிப்பு அது. பிறகு பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுக் கணக்கு இருப்பவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்றாயிற்று.

"காது கேளாதோர் வழக்குப் போட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்" என்று இந்தக் கதையை ஒரே வரியில் சொல்லும் பழக்கம் இன்றும் இருக்கிறது. முதலில் வந்தது வழக்கு அல்ல, புகார். அந்தப் புகார் கேட்டதும் நீக்கத்தை அல்ல, திரையில் எழுத்தை. நீக்குவது பல்கலைக்கழகம் தானாக எடுத்த முடிவு. அது ஏன் அப்படி முடிவெடுத்தது, சட்டம் உண்மையில் என்ன கேட்டது, இன்று விரிவுரைகளைப் பதிவேற்றுபவர்களும் சேமித்துவைப்பவர்களும் இதிலிருந்து எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மூன்று தனித்தனிக் கேள்விகள்

ஒரு விரிவுரை "எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

1. விலை. பார்க்கக் காசு கேட்கிறார்களா? கேட்கவில்லையென்றால் அது இலவசம். அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பது நாளைக்கும் கிடைக்கும் என்ற உறுதி இதில் இல்லை.

2. உரிமம். நகலெடுக்கலாமா, வேறிடத்தில் வைக்கலாமா, மொழிபெயர்க்கலாமா? யூடியூபில் இலவசமாக ஓடும் பெரும்பாலான காணொளிகளுக்குப் பார்ப்பதற்கு மேல் எந்த அனுமதியும் கிடையாது.

3. அணுகல். காது கேளாதவர், பார்வையில்லாதவர், மவுஸைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையால் மட்டும் கணினியை இயக்குபவர் ஆகியோரால் இதைப் பயன்படுத்த முடியுமா?

பெர்க்லியின் பதிவுகள் முதல் கேள்வியில் முழு மதிப்பெண் பெற்றன. இரண்டாவதில் ஓரளவு பெற்றன. மூன்றாவதில் தோற்றன. நடந்தவை அனைத்துக்கும் வேர் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

## நிகழ்ந்த வரிசை

பெர்க்லி 2007 அக்டோபரில் முழுப் பாடங்களை யூடியூபில் ஏற்றத் தொடங்கியது. அந்த அளவுக்குச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுதான். ஆப்பிளின் ஐடியூன்ஸ் யூ தளத்திலும் அதன் பதிவுகள் இருந்தன. பல பல்கலைக்கழகங்களின் பாடங்களைத் தரும் எட்எக்ஸ் தளத்தில் தனியாக இணையப் பாடங்களும் நடந்தன.

வாஷிங்டனில் காலடெட் என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. 1864 முதல் காது கேளாதோரின் உயர்கல்விக்காகவே நடப்பது. அங்கே பணிபுரிந்த இருவர் பெர்க்லியின் பதிவுகளைப் பயன்படுத்த விரும்பினார்கள். பெரும்பாலானவற்றில் கேப்ஷன், அதாவது பேச்சையும் ஒலிகளையும் திரையில் காட்டும் எழுத்து, இல்லை. அவர்கள் சார்பில் தேசியக் காது கேளாதோர் சங்கம் 2014இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது.

அமைச்சகம் மாதிரிக்குச் சில பாடங்களையும் யூடியூப் விரிவுரைகளையும் எடுத்து ஆராய்ந்தது. 2016 ஆகஸ்ட் 30 தேதியிட்ட கடிதத்தில் தன் முடிவைத் தெரிவித்தது. கேப்ஷன் இல்லை, அல்லது தானியங்கிக் கேப்ஷன் பிழை மலிந்து கிடக்கிறது. பலகையில் காட்டப்படுவதை வாயால் விவரிக்கவில்லை. சில ஆவணங்களைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதவில்லை. இவற்றைச் சரிசெய்ய வேண்டும், கொள்கையை மாற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது கடிதம். நீக்கச் சொல்லும் வரி அதில் இல்லை.

இதற்கு முன்பே, 2015இல், செலவைக் குறைப்பதற்காகப் புதிய வகுப்புப் பதிவுகளைப் பொதுவில் வைப்பதைப் பெர்க்லி நிறுத்திவிட்டிருந்தது. இந்த ஒரு செய்தி பலருடைய விவரிப்பில் விடுபட்டுப்போகிறது. 2016இல் பல்கலைக்கழகத்தின் ஆண்டுப் பற்றாக்குறை சுமார் 15 கோடி டாலர். அந்த நிலையில் பழைய பதிவுகளுக்குக் கேப்ஷன் போடப் பணம் ஒதுக்குவதா, மூடிவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. மூடுவதாக 2017 மார்ச் 1 அன்று அறிவித்தார்கள். செலவு மிக அதிகம் என்பது ஒரு காரணம். ஆசிரியர்களின் பாடங்களைச் சிலர் அனுமதியில்லாமல் எடுத்துப் பணம் பார்க்கிறார்கள், உள்நுழைவுக்குப் பின்னால் வைத்தால் அதைத் தடுக்கலாம் என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்பட்டது.

## மாணவர் அல்லாதவர் எப்படிப் புகார் கொடுக்க முடிந்தது?

குழப்பம் அதிகம் உண்டாகும் இடம் இது. புகார் கொடுத்தவர்கள் பெர்க்லியில் படிக்கவில்லை, ஒரு டாலர்கூடக் கட்டணம் கட்டவில்லை. தானமாகக் கொடுத்ததில் குறை சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை என்று அப்போது பலர் கேட்டார்கள்.

1990இல் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி மாநில, உள்ளாட்சி அரசு அமைப்புகளுக்கானது. பெர்க்லி மாநில அரசின் பல்கலைக்கழகம் என்பதால் அதன் கீழ் வருகிறது. அந்தப் பகுதி பேசுவது அமைப்பின் "சேவைகள், திட்டங்கள், செயல்பாடுகள்" பற்றி. கட்டணம் வாங்கும் சேவை, மாணவருக்கான சேவை என்ற பிரிவினை அதில் இல்லை. நகராட்சி நடத்தும் இலவசப் பூங்காவில் படிக்கட்டு மட்டும் இருந்து சாய்தளம் இல்லையென்றால், நுழைவுக் கட்டணம் வாங்கவில்லையே என்று நகராட்சி தப்பிக்க முடியாது. பொதுமக்களுக்கென்று வழங்கிய விரிவுரையும் அப்படித்தான்.

சட்டம் ஒரு விலக்கும் தருகிறது. சரிசெய்யும் செலவோ நிர்வாகச் சுமையோ அமைப்பால் தாங்கவே முடியாத அளவு என்றால், அதை நிறுவி விலக்குக் கேட்கலாம். ஆனால் அளவிடப்படுவது வீடியோப் பிரிவின் சிறிய பட்ஜெட் அல்ல, அந்தச் சேவைக்குப் பயன்படுத்தக்கூடிய எல்லா நிதியும். பெரிய பல்கலைக்கழகத்துக்கு இந்த வாதம் எளிதில் செல்லாது. பெர்க்லி அதுவரை போகவில்லை.

ஆகவே அதன் முன் இருந்த வழிகள் மூன்று: சரிசெய்வது, தாங்க முடியாத சுமை என்று நிறுவுவது, சேவையையே நிறுத்துவது. மூன்றாவது வழியையும் சட்டம் தடுக்கவில்லை. எல்லோருக்கும் இல்லையென்றால் யாருக்கும் பாகுபாடு இல்லை என்றாகிவிடுகிறது. சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரான விளைவு இது. காது கேளாதவருக்கு எதுவும் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்கு இருந்ததும் போயிற்று.

## கேப்ஷன்: பார்வைக்குச் சிறிது, வேலையில் பெரிது

சப்டைட்டிலும் கேப்ஷனும் ஒன்றல்ல. சப்டைட்டில் காது கேட்கும், ஆனால் மொழி தெரியாத ஒருவருக்கானது. பேச்சை மட்டும் மொழிபெயர்த்துக் காட்டும். கேப்ஷன் ஒலியே எட்டாதவருக்கானது. பேசியது என்ன என்பதோடு, பேசியது யார், சிரிப்பொலி எழுந்ததா, வெடிச்சத்தம் கேட்டதா, ஒலி இல்லாத இடம் எது என்பதும் அதில் வர வேண்டும். நேர்காணலில் இது இன்னும் முக்கியம். இருவர் மாறிமாறிப் பேசும்போது பெயர் இல்லாமல் வரிகள் மட்டும் ஓடினால், கேள்வி எது, பதில் எது என்றே தெரியாது.

"யூடியூபே தானாகக் கேப்ஷன் போடுகிறதே" என்ற கேள்விக்குக் கணக்கால் பதில் சொல்லலாம். விரிவுரையாளர் நிமிடத்துக்குச் சுமார் 150 ஆங்கிலச் சொற்கள் பேசுவதாகக் கொள்வோம். 50 நிமிட வகுப்பில் 7,500 சொற்கள்.

1. துல்லியம் 90 சதவீதம் என்றால் 750 சொற்கள் தவறு. 15 சொல் வாக்கியம் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒரு பிழைக்கு மேல்.
2. 95 சதவீதம் என்றால் 375 சொற்கள் தவறு.
3. 99 சதவீதம் என்றால் 75 சொற்கள் தவறு. ஏறத்தாழ ஏழு வாக்கியத்துக்கு ஒன்று. கேப்ஷன் தொழிலில் இருப்பவர்கள் ஏற்கத்தக்கது என்று சொல்லும் கீழெல்லை இதுதான்.

90 சதவீதம் என்று காதில் விழும்போது நல்ல மதிப்பெண் போலத்தான் இருக்கும். ஆனால் பிழைகள் எல்லாச் சொற்களிலும் சமமாகப் பரவுவதில்லை. சாதாரணச் சொற்களை இயந்திரம் சரியாகப் பிடித்துவிடும். கலைச்சொல், ஆட்பெயர், சூத்திரம், எதிர்மறை விகுதி ஆகியவற்றில்தான் தடுமாறும். முக்கோணவியலின் சைன், அடையாளத்தைக் குறிக்கும் சைன் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்றே. கணித அறிஞர் ஆய்லரின் பெயரும் எண்ணெயிடுபவரைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். "முடியும்" என்பதற்கும் "முடியாது" என்பதற்கும் ஆங்கிலப் பேச்சில் கடைசி ஓர் ஒலிதான் வித்தியாசம். அது நழுவினால் தேற்றம் தலைகீழாகிவிடும். பாடத்தின் உயிர் எந்தச் சொற்களில் இருக்கிறதோ, அந்தச் சொற்களைத்தான் இயந்திரம் தவறவிடுகிறது. கேட்கும் திறன் உள்ளவர் பிழையைக் காதால் திருத்திக்கொள்வார். கேப்ஷனை மட்டும் நம்பியிருப்பவருக்குப் பிழை இருப்பதே தெரியாது.

2017 வாக்கில் இருந்த தானியங்கிக் கேப்ஷனில் நிறுத்தக்குறிகளும் கிடையாது. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாத சொல் ஓட்டமாக அது இருந்தது. இன்றைய பேச்சறி மென்பொருள்கள் அதைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டன. ஆனாலும் கலைச்சொல், பெயர், எண் மூன்றையும் மனிதர் ஒருமுறை படித்துத் திருத்தும் வேலை மிச்சமிருக்கிறது.

பார்வையில்லாதவரின் சிக்கல் வேறு. "இதோ இந்தக் கோடு இங்கே வந்து அதைத் தொடுகிறது" என்று பலகையைக் காட்டிச் சொல்லும் வாக்கியத்தில் அவருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. "நீலக் கோடு கிடை அச்சை 3 என்ற இடத்தில் தொடுகிறது" என்று சொன்னால் படம் இல்லாமலே பாடம் புரியும். இதைப் பிறகு சேர்ப்பது கடினம், செலவும் அதிகம். பேசும்போதே சொல்லிவிட்டால் செலவே இல்லை.

## செலவு எவ்வளவு ஆகியிருக்கும்?

கணக்கின் வடிவத்தைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு மதிப்பீடு. பதிவுகள் 20,000, ஒவ்வொன்றும் 50 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 10 லட்சம் நிமிடம். மனிதர் திருத்திய கேப்ஷனுக்கு நிமிடத்துக்கு 1 டாலர் என்றால் 10 லட்சம் டாலர், 3 டாலர் என்றால் 30 லட்சம் டாலர். உழைப்பாக மாற்றினால், ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கித் திருத்த 5 மணி நேரம் என்ற வீதத்தில் சுமார் 83,000 மணி நேரம். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் வேலை செய்பவர் என்றால் சுமார் 42 பேருக்கு ஓராண்டு வேலை.

தனித்துப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் இதே வேலை, பதிவு நடந்த ஆண்டுகளில் பரவலாகச் செய்யப்பட்டிருந்தால் ஆண்டுக்குச் சில லட்சம் டாலருக்குள் முடிந்திருக்கும். கேமரா, சர்வர், பதிவு ஊழியர் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய பட்ஜெட்டில் கேப்ஷனுக்கு ஒரு வரி இல்லாமல் போனதுதான் மூலப் பிழை. பத்தாண்டுக் கடன் ஒரே நாளில் வசூலுக்கு வந்ததுபோல் ஆயிற்று.

வேறு வழியில் நடந்தவர்களும் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தொடங்கிய திறந்த பாடங்கள் எண்ணிக்கையில் சுமார் 40தான். ஆனால் விரிவுரைகளுக்கு முழு எழுத்துப்படியும் சேர்த்தே வெளியிட்டார்கள். குறைவாக, ஆனால் முழுமையாக என்பது அவர்கள் எடுத்த முடிவு. அந்தப் பாடங்கள் இன்றும் பொதுவில் இருக்கின்றன.

## உரிமம் காப்பாற்றியது எது, காப்பாற்றாதது எது?

பெர்க்லியின் அறிவிப்பு வந்தவுடன் எல்பிஆர்ஒய் என்ற அமெரிக்கக் கோப்புப் பகிர்வு நிறுவனம் பதிவுகளை மொத்தமாக நகலெடுத்துத் தன் வலையமைப்பில் வைத்தது. இது திருட்டா? இல்லை. பதிவுகளில் பெரும்பாலானவை, பகிர்வதற்குப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. அந்த உரிமத்தில் நான்கு நிபந்தனைகள் வெவ்வேறு சேர்க்கையில் வரும்.

1. பெயர் குறிப்பிடுதல்: படைத்தவர் யார் என்று சொல்ல வேண்டும். ஆறு முதன்மை உரிமங்களிலும் இது உண்டு.
2. வணிகமற்றது: லாப நோக்கில் பயன்படுத்தக் கூடாது.
3. அதேபோல் பகிர்தல்: மாற்றி வெளியிட்டால், அந்தப் புதிய வடிவத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும்.
4. மாற்றமற்றது: நகலைப் பகிரலாம், ஆனால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது.

இந்த உரிமத்தின் முக்கியமான பண்பு, கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்பது. மூலப் பக்கத்தை நீக்கலாம், இனி புதிதாக அந்த உரிமத்தில் தராமல் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே நகல் வைத்திருப்பவர், நிபந்தனையை மீறாதவரை, அதைத் தொடர்ந்து பகிரலாம். 20,000 பதிவுகள் முற்றிலும் அழிந்துபோகாமல் தப்பியதற்கு இதுதான் காரணம்.

ஆனால் தப்பிய நகலிலும் கேப்ஷன் இல்லை. காது கேட்பவரின் இழப்பை நகலெடுப்பு ஓரளவு ஈடுசெய்தது, காது கேளாதவரின் நிலை தொடங்கிய இடத்திலேயே நின்றது. மேலும் நகல் வைத்தவர்கள் நிலைத்திருப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. எல்பிஆர்ஒய் நிறுவனம், பங்குச் சந்தை ஒழுங்காணையத்துடனான வழக்கில் 2022இல் தோற்று, அடுத்த ஆண்டு மூடப்படுவதாக அறிவித்தது.

தமிழில் பாடங்களைக் கொண்டுவர நினைப்பவர்கள் நான்காவது நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பெர்க்லியின் பதிவுகள் "வணிகமற்றது, மாற்றமற்றது" என்ற சேர்க்கையில் இருந்தன. மொழிபெயர்ப்பு என்பது சட்டப்படி மாற்றிய வடிவம். ஆகவே அவற்றுக்குத் தமிழ்க் குரல் சேர்த்தோ தமிழ் சப்டைட்டில் இணைத்தோ வெளியிடத் தனி அனுமதி தேவைப்படும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் திறந்த பாடத்திட்டம் "வணிகமற்றது, அதேபோல் பகிர்தல்" என்ற சேர்க்கை. அங்கே அனுமதி கேட்காமலே தமிழாக்கலாம், தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் விட்டால் போதும். இரண்டும் இலவசம்தான், ஆனால் நமக்குக் கிடைக்கும் உரிமையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

## அதன் பிறகு

பெர்க்லி மட்டும் சிக்கியதாக நினைக்க வேண்டாம். எட்எக்ஸ் நிறுவனம் 2015 ஏப்ரலில் அமைச்சகத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. ஹார்வர்டு, எம்ஐடி இரண்டின் மீதும் அதே காது கேளாதோர் சங்கம் 2015 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. ஹார்வர்டு 2019 நவம்பரிலும் எம்ஐடி 2020 பிப்ரவரியிலும் கேப்ஷன் போட ஒப்புக்கொண்டு உடன்பாட்டுக்கு வந்தன. பெர்க்லி விவகாரம் 2022 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டு ஆணையாக முடிந்தது. அந்த ஆணையின் காலம் மூன்றரை ஆண்டு. அதன்படி, பொதுவில் வைக்கும் காணொளி, பாட்காஸ்ட், இணையதளம், இணையப் பாடம் எல்லாவற்றையும் அணுகத்தக்கதாக்க வேண்டும். ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும். வெளித் தணிக்கையாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையத்துக்கென்று தெளிவான விதியை வெளியிட்டது. இணைய அணுகலுக்கான பன்னாட்டு வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1, இரட்டை ஏ நிலை, அளவுகோலாக்கப்பட்டது. பதிவுசெய்த காணொளிக்குக் கேப்ஷன், காட்சிக்கு ஒலி விவரணை, சாதாரண எழுத்துக்குப் பின்னணியுடன் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு என்பன அதில் அடங்கும்.

அந்த விதியில் பழைய காப்பகங்களுக்கு விலக்கு இருக்கிறது. அமைப்பு விதிக்கு இணங்க வேண்டிய நாளுக்கு முன் உருவானது, ஆய்வுக்கோ குறிப்புக்கோ ஆவணக் காப்புக்கோ மட்டும் வைத்திருப்பது, காப்பகம் என்று குறித்த தனிப் பகுதியில் இருப்பது, அங்கே வைத்தபின் மாற்றப்படாதது என்ற நான்கும் பொருந்தினால் உடனே சரிசெய்ய வேண்டியதில்லை. யாராவது குறிப்பிட்டுக் கேட்டால் அவருக்கு உதவும் கடமை மட்டும் தொடரும். 2016இல் இப்படி எழுதப்பட்ட நடுவழி இல்லை. இருந்திருந்தால், பழையதைக் காப்பகமாக வைத்துக்கொண்டு, கேட்டவற்றுக்கு முதலில் கேப்ஷன் போடும் ஏற்பாடு சாத்தியமாகியிருக்கும். சட்டத்தின் குறை என்று ஒன்றைச் சொல்வதானால் இந்தத் தாமதத்தைத்தான் சொல்வேன். கேப்ஷன் கேட்டது குறை அல்ல.

## இந்தியாவில் நிலை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஒலி விவரணை, சைகைமொழி, கேப்ஷன் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அணுகல் தரங்களைப் பரிந்துரையாக வைத்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே பெர்க்லிக்கு எழுந்த கேள்வி நம் கல்லூரிகளுக்கும் எழும்.

நம்மிடம் உள்ள பெரிய சேமிப்பு என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம். ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. சென்னை ஐஐடி இதன் மையங்களில் ஒன்று. பல பாடங்களுக்கு ஆங்கில எழுத்துப்படி உண்டு, அதிலிருந்து தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மொழிபெயர்ப்பும் தருகிறார்கள். முதலில் திருத்திய எழுத்துப்படி, பிறகு மொழிபெயர்ப்பு என்ற இந்த வரிசை முக்கியம். பிழையுள்ள தானியங்கி எழுத்தை நேரே தமிழாக்கினால், ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருந்த தவறு தமிழில் முழு வாக்கியத்தையும் கெடுத்துவிடும்.

## பதிவு செய்யும் கல்லூரிகள் கவனிக்க வேண்டியவை

1. ஒலிவாங்கியை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் பொருத்துங்கள். கேமராவின் உள் ஒலிவாங்கியில் எதிரொலி சேரும். எதிரொலி சேர்ந்தால் தானியங்கி எழுத்தின் துல்லியம் சரியும், திருத்தும் நேரம் கூடும். நேர்காணலில் இருவருக்கும் தனி ஒலிவாங்கி, தனித் தடம்.

2. மாணவர் கேட்ட கேள்வியை ஆசிரியர் திரும்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பதிவில் பதில் மட்டும் இருக்கும்.

3. வெட்டி ஒட்டும் வேலை முழுதாக முடிந்தபின்தான் கேப்ஷன். முன்னதாகப் போட்டுவிட்டு அறிமுகத்தில் 12 நொடியை வெட்டினால் எல்லா வரிகளும் 12 நொடி தள்ளிப்போகும்.

4. ஆசிரியரிடம் கலைச்சொல், ஆட்பெயர்ப் பட்டியலை வகுப்புக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். திருத்துபவர் முதலில் தேடிப் பார்க்க வேண்டியவை அவைதான்.

5. ஒரு கேப்ஷனில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் வரிக்கு 32 முதல் 42 எழுத்து என்பது வழக்கம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வாக்கியத்தைப் பொருள் முறியாத இடத்தில் பிரிப்பது இன்னும் அவசியம்.

கேப்ஷன் கோப்பு வெறும் உரைக்கோப்புதான். பரவலான எஸ்ஆர்டி வடிவம் இப்படி இருக்கும்:

41
00:12:06,200 --> 00:12:09,800
இந்தக் கோட்டின் சரிவு
குறைந்துகொண்டே வருகிறது.

வரிசை எண், தொடக்க நேரமும் முடிவு நேரமும், உரை, பிறகு ஒரு வெற்று வரி. நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவில் காற்புள்ளி வர வேண்டும், புள்ளி வைத்தால் சில மென்பொருள்கள் ஏற்காது. வெற்று வரி விடுபட்டால் இரண்டு கேப்ஷன்கள் ஒட்டிக்கொள்ளும். கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாகிவிடும். நேரப் பிழையில் இரண்டு வகை உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால், வெட்டியதன் விளைவு, எல்லா நேரத்திலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்தால் போதும். போகப் போக விலகல் கூடினால், படச்சட்ட வேகம் மாறியதன் விளைவு, அதற்குக் கழித்தல் உதவாது, விகிதத்தால் பெருக்க வேண்டும்.

## பார்ப்பவரும் சேமிப்பவரும் செய்ய வேண்டியவை

யூடியூபில் கேப்ஷன் பொத்தானின் அமைப்பைத் திறந்து மொழிப் பெயரைப் பாருங்கள். பக்கத்தில் "ஆட்டோ-ஜெனரேட்டட்" என்று இருந்தால் அது இயந்திரத்தின் வேலை, யாரும் திருத்தவில்லை. மொழிப் பெயர் மட்டும் இருந்தால் யாரோ ஏற்றிய கோப்பு.

உரிமத்துக்கு யூடியூபை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே தேர்வு இரண்டுதான்: வழக்கமான யூடியூப் உரிமம், பெயர் குறிப்பிட்டால் மட்டும் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். "வணிகமற்றது" போன்ற நிபந்தனை வைக்கும் பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் இணையதளத்திலோ காணொளியின் குறிப்பிலோதான் எழுதியிருக்கும். எம்ஐடி போல நேரடிப் பதிவிறக்கம் தருபவர்களிடம் அந்த வழியிலேயே எடுங்கள். யூடியூபிலிருந்து அனுமதியில்லாமல் பதிவிறக்குவது அதன் விதிமுறைக்கு எதிரானது.

சேமிக்கும்போது ஒரு பாடத்துக்கு நான்கு பொருள்கள் சேர வேண்டும்: காணொளி, கேப்ஷன் கோப்பு, பாடக்குறிப்பு, உரிமம் எழுதியிருந்த பக்கத்தின் தேதியிட்ட நகல். மூலப் பக்கம் மறைந்தபின், உங்கள் கையிலுள்ள நகலைப் பகிர உங்களுக்கு அனுமதி இருந்தது என்பதற்குச் சான்றாக மிஞ்சுவது அந்த நான்காவது பொருள் மட்டுமே.